எதிர்க்கரையையும் கேளுங்கள்

மேற்கு மலைகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்க, கீழ்வானில் எழுந்த முழுமதி குமிழியாற்றின் செம்புனலில் வெள்ளியை உருக்கி ஊற்றிய அந்த அந்திவேளையில், ஆற்றங்கரைப் பாசறையில் எவர் மனத்திலும் அமைதி இல்லை. அன்பார்ந்த வாசகர்களே! போருக்காக அடிக்கப்பட்ட கூடாரங்கள் அல்ல அவை. நோயுற்ற தந்தைக்குப் பதிலாக ஆம்பல் நாட்டை ஆண்டுவந்த இளவரசி நல்லமங்கை, ஆற்றின் குறுக்கே பேரணை எழுப்ப விரும்பி, பல நாட்டுக் கல்தச்சர் தலைவர்களை அங்கே அழைத்திருந்தாள்.

முன்பு அரண்மனையார் தாமாகவே திட்டமிட்டுக் கட்டிய அணை முதல் வெள்ளத்திலேயே பெயர்ந்து, ஊர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. மறுபடியும் பறையறைந்தபோது ஒரு தச்சர்கூட முன்வரவில்லை.

"தேவி! பணி யாருக்கென்று முடிவாகுமுன் நம் எண்ணத்தையெல்லாம் அந்நியர் முன் விரிப்பதா? ஆற்றின் துறைகளும் ஆழமும் பகைவர் காதுக்கு எட்டிவிடுமே!" என்று படைத்தலைவர் சேதிராயர் பொருமினார்.

"முடிவெடுத்துவிட்டுக் கேட்டால் அது கேள்வியா, சேதிராயரே? கட்டளை அல்லவா!" என்ற இளவரசி, கூடியிருந்தோரை நோக்கினாள். "இன்று பேசுவதால் எவருக்கும் பணி கிடைத்துவிடாது, பேசாதிருந்தால் கைநழுவியும் போகாது. ஒருவருக்குச் சொல்வதையே எல்லோருக்கும் சொல்வேன். சென்ற முறை ஏன் வரவில்லை? அஞ்சாமல் சொல்லுங்கள்."

முதலில் தொண்டை நாட்டுத் தச்சர் தலைவர் எழுந்தார். "அணை உடைந்தால் கட்டியவன் தலை போகும் என்பது ஆணை, தாயே. எங்கள் கைவேலைக்கு நாங்கள் பொறுப்பேற்போம். ஆற்றின் சீற்றத்துக்கும் நாங்களா பிணை நிற்பது?"

"அந்த ஆணை இக்கணமே ஒழிந்தது" என்றாள் நல்லமங்கை. தயக்கம் கலைந்தது. அறுவடைக் காலத்தில் ஆள் கிடைக்காதென்றார் ஒருவர். கல்லை எங்கிருந்து கொணர்வதென்று இருவர் வாதிட்டனர்.

கடைசியில், சாத்தன் என்று பெயர் சொல்லி வந்திருந்த இளைஞன் எழுந்தான். அவனுடைய அகன்ற விழிகள் தன் மீது படிந்தபோது இளவரசியின் நெஞ்சம் காரணமின்றிப் படபடத்தது.

"அணையின் ஒரு முனை இக்கரையில், மறுமுனை எங்கே ஊன்றப்போகிறது, தேவி? எதிர்க்கரை பெருங்குன்ற வேளுக்குரியது. நீர் தேங்கினால் அங்குள்ள தாழ்நிலச் சிற்றூர்கள் மூழ்கும். அவர்களைக் கேட்டீர்களா?"

"பகைவனைக் கேட்பதா!" என்று சேதிராயர் உறுமினார். "ஒரு தச்சனுக்கு அந்தக் கரையின் மீது இத்தனை அக்கறை ஏன்? யாரடா நீ?"

இளைஞன் தலைப்பாகையைக் களைந்தான். காதில் வேளிர் குலத்துப் புலிநகக் குழை மின்னியது. "பெருங்குன்ற வேளின் மகன் இளங்குன்றன். கல்வேலை கற்றவன் என்பது பொய்யல்ல. ஆனால் உங்கள் திட்டத்தை அறிந்து குலைக்கவே வந்தேன்."

வாள்கள் உறையை விட்டுச் சீறின. நல்லமங்கை அவனுக்கும் வாள்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"குலைக்க வந்தவர் ஏன் வாய் திறந்தீர்?"

"எங்கள் கரையில் எந்த அரசும் எதையும் கேட்டதில்லை, தேவி. தாங்கள் கேட்டீர்கள். அதன் பிறகு பொய் சொல்ல நாவெழவில்லை."

"விலகுங்கள், தேவி! இவன் உயிரோடு அக்கரை சேர்ந்தால் நாளை இவன் தந்தையின் படை இங்கே நிற்கும்!" என்றார் சேதிராயர்.

"அஞ்சாமல் பேசச் சொன்னது நான். பேசியவர் குருதி இம்மண்ணில் சிந்தினால் இனி எவர் நம்மிடம் உண்மை சொல்வார்?" அவள் நீர்விளிம்பில் குனிந்து ஆற்றுநீரைக் கையில் ஏந்தினாள். "குமிழியாறு சாட்சி! அக்கரை மக்களின் சம்மதம் பெறாமல் இந்த ஆற்றில் ஒரு கல்லும் இடமாட்டேன்!"

ஏந்திய நீரை வார்த்துவிட்டு நிமிர்ந்தவள், துறையில் அசைந்துகொண்டிருந்த ஓடத்தில் ஏறி அமர்ந்தாள்.

"தங்கள் தந்தையிடம் நானே கேட்கிறேன். துடுப்பை எடுங்கள், இளங்குன்றரே!"