மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரில் ஒரு தாலி

"அய்யய்யோ... எம் மக தாலி!"

ஒச்சம்மாளின் அலறலில் மட்டாஞ்சேரி கோடவுன் கூரைகளில் இருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

காலை மணி ஒன்பது நாற்பது.

முகூர்த்தம் பத்தரை வரைதான்.

தாலி இருந்த மஞ்சள் பையோ ஃபோர்ட் கொச்சி பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது... மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்!

பந்தோபஸ்தில் நின்ற எஸ்.ஐ. கிருஷ்ணபிரசாத் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"எந்தா சேச்சி? என்ன ஆச்சு?"

"தாலிச் செயினைப் பறிச்சிட்டுப் போயிட்டான்யா!"

"ஆரு? பைக்கிலயா?"

"சைக்கிள்லய்யா!"

எஸ்.ஐ.யின் முகம் மலர்ந்தது.

"சைக்கிளோ? அப்ப எளுப்பமா பிடிக்கலாம். ஆள் எப்படி இருந்தான், சொல்லு."

"இறுக்கிப் பிடிச்ச டவுசரு. தலையில கூடை கவுத்த மாதிரி தொப்பி. கறுப்புக் கண்ணாடி."

எஸ்.ஐ. ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

விர்ர்ர்ர்ரென்று நூற்றுப் பத்து சைக்கிள்கள் கடந்துகொண்டிருந்தன. நூற்றுப் பத்து இறுக்கமான டவுசர்கள். நூற்றுப் பத்து கூடைத் தொப்பிகள். நூற்றுப் பத்து கறுப்புக் கண்ணாடிகள்!

"சேச்சி..." எஸ்.ஐ. எச்சில் விழுங்கினார். "இதுல ஆரு?"

ஐந்து நாள் சைக்கிள் ரேஸ் அது. பாலக்காட்டில் தொடங்கி, மலை ஏறி, மலை இறங்கி, இன்று கடைசிக் கட்டம். மட்டாஞ்சேரியையும் ஃபோர்ட் கொச்சியையும் வளைத்து எட்டு கிலோமீட்டர். அதையே பத்துச் சுற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. எட்டு மணியிலிருந்து ஓர் எறும்பும் குறுக்கே போக முடியவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோயில். மணப்பெண் பொன்மணி, மாப்பிள்ளை விக்கி, ஐயர், நாதஸ்வரம், உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த அறுபது உறவினர்.

இந்தப் பக்கம், மறந்துபோன தாலிப் பையை எடுக்கத் தடுப்புப் போடும் முன்பே வீட்டுக்கு ஓடி, திரும்பி வந்து மாட்டிக்கொண்ட ஒச்சம்மாள்!

மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவளுக்கு யோசனைக்கா பஞ்சம்? ரோடோ குறுகல். தடுப்பில் ஏறி நின்று பையை நீட்டினாள். எதிர்த் தடுப்பில் ஏறி பொன்மணி கையை நீட்டினாள். இரண்டு கைக்கும் நடுவே ஒரு முழம்தான் பாக்கி...

அந்த ஒரு முழத்தில் மூன்றாவதாக ஒரு கை நுழைந்தது!

"மேடம்... அது எங்க ஆள்!"

பத்தடி தள்ளி நின்ற இளம்பெண் பதறிக்கொண்டு வந்தாள். மஞ்சள் பனியன். கழுத்தில் அடையாள அட்டை. அதிதி. கோப்பை ஜெயிக்கப்போகும் மஞ்சள் டீமின் மேனேஜர்.

அவள் கையிலும் ஒரு மஞ்சள் துணிப்பை!

"ஓட்டற ஆளுக்குச் சாப்பாடு இப்படித்தான் குடுப்போம் சார். ரோட்டோரமா நின்னு பையை நீட்டுவோம். அவன் நிக்காமப் பிடுங்கிண்டு போவான். என் பைன்னு நெனச்சு இவங்க பையை எடுத்துட்டான்."

"எம் மக கல்யாணப் பையும் இவ சோத்துப் பையும் ஒண்ணாய்யா?" ஒச்சம்மாள் குதித்தாள். "நிப்பாட்டச் சொல்லு அவனை!"

"நிறுத்தினா அஞ்சு நாள் உழைப்பும் போச்சு! மொத்தக் கணக்குல நாலே நாலு செகண்டுதான் அவன் முன்னாடி இருக்கான்!"

"எம் மக இருபத்தொம்பது வருசமா பின்னாடி நிக்கிறா! ரெண்டு இடம் கூடி வந்து தட்டிப்போச்சு. இன்னைக்கும் நின்னுச்சுன்னா ஊருக்குள்ள ஒருத்தனும் இந்த வாசப்படி ஏறமாட்டான். தெரியுமா ஒனக்கு?"

அதிதியின் கண் கலங்கிவிட்டது. சட்டையில் செருகியிருந்த மைக்கில் மளமளவென்று இங்கிலீஷில் பேசினாள். மறுமுனையில் மூச்சிரைக்கும் டென்மார்க்காரன்.

கேட்கக் கேட்க அதிதியின் முகம் மாறியது.

"என்னவாம்?" என்றார் எஸ்.ஐ.

"பையில சாப்பாடு இல்லையேன்னு கோபமா இருக்கான் சார். கொட்டைப்பாக்கைக் கடிச்சுப் பாத்தானாம்... ஒரு பல் ஆடறதாம்."

"தாலி?"

"அது..." அதிதி தயங்கினாள். "தங்க மெடல்னு நெனச்சுக் கழுத்துல போட்டுண்டிருக்கான். கொச்சிக்காரா ரொம்ப நல்லவா, ஜெயிக்கறதுக்கு முன்னாடியே மெடல் தராங்கறான்!"

ஒச்சம்மாள் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுத்த சுத்துல வருவானில்லே?" எஸ்.ஐ. மணியைப் பார்த்தார். "கழட்டித் தரச் சொல்லு."

"கொக்கி சிக்கிண்டிருக்கு. ரெண்டு கையையும் விட்டுட்டுக் கழட்டினா விழுந்துடுவான் சார்!"

ஒன்பது ஐம்பத்தொன்று.

மறுபடியும் விர்ர்ர்ர்ர்!

கூட்டத்தின் முன்னால் டென்மார்க்காரன். மஞ்சள் சட்டையின் மேல் தாலி குதித்துக் குதித்து மின்னியது. ஒச்சம்மாளைப் பார்த்து நன்றியோடு கையசைத்தான்!

எதிர்ப் பக்கத்து நாதஸ்வரக்காரருக்குக் கண் கொஞ்சம் மங்கல். கழுத்தில் தாலியைப் பார்த்தார். பழக்கதோஷம்... தலையை ஆட்டிவிட்டார்.

கெட்டிமேளம் கொட்டியது!

அறுபது உறவினரும் கையிலிருந்த அட்சதையைப் போட்டுவிட்டார்கள். நூற்றுப் பத்துப் பேர் தலையிலும்!

அரிசியில் வழுக்கி நான்கு இத்தாலிக்காரர்கள் விழுந்தார்கள்.

"ஆத்தி... கல்யாணமே முடிஞ்சிருச்சே!" ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிர்த் தடுப்பில் மாப்பிள்ளை விக்கி எட்டிப் பார்த்தான். பட்டு வேட்டி. நெற்றியில் வியர்வை.

"விடுங்கத்தை! தாலி போனாப் போவுது. ஒரு மஞ்சக் கிழங்கைக் கயித்துல கோத்துக் கட்டிருவோம். போலீசெல்லாம் எதுக்கு?"

"என்னங்க மாப்ள இப்படிச் சொல்றீக? அஞ்சு பவுனு! நீங்க ஆசையாப் போட்டதாச்சே!"

"நான் வேற வாங்கித் தர்றேன் அத்தை. மொதல்ல போலீசைப் போகச் சொல்லுங்க."

பொன்மணி மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஹோட்டல் சமையற்கட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். எது எப்போது கருகத் தொடங்கும் என்று மூக்கே சொல்லிவிடும்.

"அஞ்சு பவுனு போனா நாயா பேயா அலைவாக. நீங்க ஏன் மாமா போலீசை விரட்டுறீக?"

விக்கி பதில் சொல்வதற்குள்...

"சார்!" அதிதி காதில் கையை வைத்துக் கத்தினாள். "அவனுக்குக் கழுத்து அரிக்கறதாம்!"

"தாலின்னா அப்படித்தான்," என்றார் கல்யாணமாகிப் பதினாறு வருஷமான எஸ்.ஐ.

"இல்ல சார்! வேர்வை பட்டுப் பட்டு கழுத்தைச் சுத்திப் பச்சையாயிடுத்தாம்!"

"பச்சையோ?"

எஸ்.ஐ.யின் விசில் வாயிலிருந்து விழுந்தது.

"தங்கம் பச்சையாகாது மோளே... பித்தளைதான் ஆகும்! வைப்பின்ல ஒரு கல்யாணம்... களமசேரியில ஒண்ணு... ஆலுவாயில ஒண்ணு. மூணு தடவையும் பித்தளைத் தாலி! மூணு தடவையும் மறுநாள் காலைல பொண்ணோட நகை மொத்தத்தோட மாப்பிள்ளை ஓடி முங்கிட்டான்! மாசம் ஆறாச்சு, நான் தேடாத இடமில்ல!"

எல்லோரும் எதிர்ப் பக்கம் திரும்பினார்கள்.

அங்கே பொன்மணி மட்டும் நின்றாள். கையில் ஒரு மாலை.

"மாப்ள எங்கடி?"

"அந்தா போறாரு ஆத்தா!"

கோயிலோரம் நின்ற டீம் கார் மேலிருந்த மாற்றுச் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு, தடுப்பைத் தாண்டி, பட்டு வேட்டி பறக்க ரேஸ் ரோட்டிலேயே மிதித்துக்கொண்டிருந்தான் விக்கி!

எஸ்.ஐ. தடுப்பில் ஏறினார். உடனே இறங்கினார். அடுத்த சுற்றுக்கு நூற்றாறு சைக்கிள்கள் பின்னால் சீறிக்கொண்டு வந்தன!

ரேஸ் வர்ணனையாளரின் மைக் அலறியது.

"இதா! முன்னால் ஒரு புதிய வீரர்! எந்த டீமென்று தெரியவில்லை! பட்டு வேட்டியில் தனியாகப் பாய்கிறார்!"

ரோடு முழுக்கக் கைதட்டல். யாரோ ஒருவர் அவன் தலையில் தண்ணீர்கூட ஊற்றினார்.

முந்நூறு மீட்டர்.

அவ்வளவுதான்!

பட்டு வேட்டியின் ஜரிகைக் கரை சைக்கிள் செயினுக்குள் போனது. பிறகு பாதி வேட்டி போனது. பிறகு மீதியும்...

கட்டம் போட்ட அரை டிராயரோடு, மிளகு மூட்டைகள் அடுக்கிய வண்டிமேல் போய்ச் சாய்ந்தான் மாப்பிள்ளை. வீரர்கள் இரண்டாகப் பிரிந்து, அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூச்சு வாங்க ஓடிவந்து விலங்கு மாட்டினார் எஸ்.ஐ.

"டா மோனே... செயினைப் போட்டு ஏமாத்தினவன் செயின்லயே மாட்டிட்டியே!"

விக்கி தும்மினான்.

ரேஸ் முடிந்தது. நான்கு செகண்டு மூன்றாகக் குறைந்தாலும் கோப்பை டென்மார்க்காரனுக்குத்தான். மேடையிலிருந்து இறங்கி நேரே ஒச்சம்மாளிடம் வந்தான். கழுத்தைச் சுற்றிப் பச்சை வளையம். தாலியை இரண்டு கையாலும் நீட்டித் தலை குனிந்தான்.

ஒச்சம்மாள் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தினாள். பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆறடி. நல்ல நிறம். குனிந்த தலை நிமிரவில்லை.

"பாப்பா..." அதிதியின் காதருகே போனாள். "இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லியே. ஏன்?"

"மணி பத்து இருபதுதான் ஆவுது. பந்தல் இருக்கு, ஐயரு இருக்காரு, சாம்பாரும் ஆறல..."

பொன்மணி மாலையை ஆத்தாளின் கையில் திணித்தாள்.

"சோத்தைக்கூட நின்னு வாங்கத் தெரியாத ஆளு எனக்கு எதுக்கு ஆத்தா? வா... போய் நாம உக்காந்து சாப்பிடுவோம்!"