பின்பக்கப் பொத்தான்

சாயங்காலம் நாலே காலுக்கு மலைமேல் இருந்த சர்வர் வக்காருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு வாயடைத்துப் போனது. 'நீல விளக்கு எரிகிறது. அழுத்தியது: பின்பக்கப் பொத்தான்.' அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் பதில் இல்லை.

ஆலங்காயத்து வீட்டின் மாடியறையில், மழையில் ஊறிய சுவரின் பாசி வாடையும் கீழே மனைவி கௌசர் வதக்கிய வெங்காய வாசனையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏற, அவன் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தான். முன்பக்கத்தில் அதே வேலைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. பின்பக்கம் போக வேண்டுமானால் சுவருக்கும் சர்வர் இருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே ஒருக்களித்து நுழைய வேண்டும். வேலைமெனக்கெட்டு அங்கே போய் யார் அழுத்துவார்கள்? அதுவும் பூட்டிக் கிடக்கிற அறையில்?

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, மழையளவு சேகரிக்கும் ஒரு கம்பெனியின் ஒற்றை அறை அது. உள்ளே செல்போனுக்கு டவர் கிடைக்காது. அதனால் வக்காரும் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட மாதையனும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மாதையன் பொத்தானை அழுத்துவார். நீல விளக்கு எரிவது இங்கே வக்காரின் திரையிலும் தெரியும். கிளம்பும்போது மறுபடி அழுத்தி அணைத்துவிட்டு வருவார். விளக்கு எரிந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

கன்ட்ரோலர் என்பது சர்வருக்குள் தூங்காமல் விழித்திருக்கும் குட்டிக் கணினி. அது உறைந்துபோனால் இங்கிருந்தே ரீசெட் கொடுக்கலாம், இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். ஆனால் கம்பெனியின் கஞ்சத்தனம் இருக்கிறதே, அறைக் கதவையும் தீயணைக்கும் வாயு சிலிண்டரையும் அதே கன்ட்ரோலரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எழுந்ததும் அது தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துக் கதவைப் பூட்டும், வாயுவைத் திறக்கும். உள்ளே இருப்பவருக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது.

ஆடி மாதம் ஒரு நாள் இதேபோலக் கன்ட்ரோலர் உறைந்தது. விளக்கு எரிவதாகத் திரை கடைசியாகச் சொல்லியிருந்தது. வாணியம்பாடியில் தங்கையின் நிச்சயத்துக்கு நேரமாகிவிட்டது, வாசலில் ஆட்டோ நின்றது, கௌசர் கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம் பார்த்தான். மனுஷன் அணைக்க மறந்திருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ரீசெட்டைத் தட்டிவிட்டான், பாவி. கன்ட்ரோலர் எழுந்த பிறகு பின்பக்கப் பொத்தான் பதினொரு தடவை அழுத்தப்பட்டதாகப் பதிவு வந்தது. அதை நிச்சய வீட்டில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்துதான் பார்த்தான்.

அந்தப் பதினொரு வரிகளையும் அழித்தான். 'மாதையன் வெளியே வந்துவிட்டதாகப் போனில் சொன்னார்' என்று எழுதினான். குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் மாட்டிக்கொண்டு செத்தார் என்று ஊர் பேசியது. மாதையன் சொட்டு சாராயம் தொட்டதில்லை என்பது வக்காருக்குத் தெரியும்.

வெட்கம் அதோடு முடியவில்லை. காலியான சிலிண்டரை மாற்றியாகிவிட்டது, கன்ட்ரோலரோடு அதற்குள்ள இணைப்பை நேரில் போய்க் கழற்றிவிட்டு வா என்று ஆபீஸில் சொன்னார்கள். ஜமுனாமரத்தூர் வரை பஸ்ஸில் போனான். சந்தையில் மாதையனின் மனைவி பாஞ்சாலை புளியைக் கூறு கட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். இவனைப் பார்த்து, "வாங்க பாய், டீ சாப்பிட்டீங்களா?" என்று எழுந்தாள். அந்த ஒரு வார்த்தையில் உடம்பெல்லாம் கூசியது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டான். 'இணைப்பு கழற்றப்பட்டது' என்று எழுதியும் கொடுத்துவிட்டான். இப்போது அந்த அறைச் சாவி பாஞ்சாலையிடம்தான் இருக்கிறது. புருஷன் வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குப் போன் போட்டான். மழை இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"சொல்லுங்க பாய்."

"அக்கா, எங்க இருக்கீங்க? ரூமுக்குள்ள போனீங்களா?"

"இல்லீங்களே. இப்பதான் வூட்ல இருந்து வர்றேன். கதவு பூட்டிதான் கெடக்குது. இன்னா ஆச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. வெளியவே நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் உள்ள போவாதீங்க."

"செரிங்க பாய்."

உள்ளே யாரும் இல்லை. வாயு வீணாகக் கொட்டித் தீர்ந்துபோகும், தானாகக் கசிந்துவிட்டதென்று எழுதிவிட்டால் தான் இணைப்பைக் கழற்றாததும் யாருக்கும் தெரியாமல் போகும். அப்படியும் ஒரு கணக்குப் போட்டது அவன் மனசு. அதை நினைத்தே கூச்சமாக இருந்தது. ரீசெட்டைத் தட்டினான்.

திரையில் நொடிகள் ஓடின. நூற்றிருபது. நூற்றுப் பத்து. கொடுத்ததை இனி திரும்ப வாங்க முடியாது.

"பாய்." பாஞ்சாலையின் குரல் தணிந்திருந்தது. "உள்ள நீல லைட்டு எரியுதுங்க. கதவு கண்ணாடியில தெரியுது."

"கண்ணாடியில எதுனா வெளிச்சம் பட்டிருக்கும் அக்கா."

"இல்லீங்க. அணைஞ்சி அணைஞ்சி எரியுது. அலமாரிக்குப் பின்னால."

மாதையனை அங்கேதான் கண்டெடுத்தார்கள். அலமாரிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, பொத்தானில் விரலோடு.

"எண்ணுறேங்க. பத்து... பதினொண்ணு. நின்னுடுச்சு." அவள் மூச்சு போனில் உரசியது. "பாய், யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க. சாவி என்னாண்ட இருக்குது. தொறக்கிறேன்."

"வேணாம்! உள்ள போவாதீங்கக்கா!"

"ஏன்?"

எழுபது. அறுபத்தெட்டு.

ஏன் என்றால் உள்ளே வாயு இருக்கிறது. நான்தான் கழற்றவில்லை. உங்கள் புருஷன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தும் நான்தான் தட்டினேன். சொல்லிவிடலாம். சொன்னால் அவள் நின்றுவிடுவாள். சந்தையில் அவள் எழுந்து நின்றது கண்முன் வந்தது. டீ சாப்பிட்டீங்களா பாய்.

"அது... அக்கா... அது வந்து..."

"அன்னிக்கும் இப்பிடித்தான் யாரும் தொறக்காம வுட்டீங்க," என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

"அக்கா! கேஸ் இருக்குது! நான் கழட்டல! நான்தான்க்கா, அவர..."

டவர் போய்விட்டது.

மறுபடி அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே.

இருபது.

"யா அல்லாஹ், வெளிய வந்துடட்டும்."

பத்து.

"டீ ஆறுதுங்க," கீழிருந்து கௌசர்.

திரை விழித்தது.

'கதவு: பூட்டப்பட்டது.'

'வாயு: திறந்தது.'

மூன்றாவது வரி. 'நீல விளக்கு. முன்பக்கப் பொத்தான்.'

அவள்தான்.

'பின்பக்கப் பொத்தான்.'

வக்கார் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

முன்பக்கம். பின்பக்கம். முன்பக்கம். பின்பக்கம். ஒருவர் தட்ட, மற்றவர் பதில் தட்ட. பதினொன்றைத் தாண்டியது. நிற்கவில்லை.

பிறகு முன்பக்கம் மெதுவானது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. நின்றது.

பின்பக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

'பின்பக்கப் பொத்தான். பின்பக்கப் பொத்தான்.'

ஒரே நொடியில் இரண்டு, இரண்டு விரல்கள் சேர்ந்து அழுத்தியதுபோல. அடுத்த நொடியிலும் இரண்டு. அதற்கடுத்த நொடியிலும்.