ஏழு வெட்டு ஏணி

"அக்கா, சாமி எங்கே இருக்கு?"

"மேலே. மோட்சத்துல."

"அப்ப மேலே போக ஏணி வேணாமா?"

கத்தரின் அன்று சிரித்துவிட்டாள். காய்ச்சலில் கொதித்த விரல்கள் தன் மணிக்கட்டை இறுக்கிய பிறகுதான், லூசியா விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"எங்காளுங்க செத்தா குழிமேல சின்னதா ஒரு ஏணி நடுவாங்க. அப்பா செதுக்கித் தருவாரு. எனக்கும் வைக்கச் சொல்லுங்க அக்கா. சிலுவையும் இருக்கட்டும், ஏணியும் இருக்கட்டும். நீங்க சொன்னா உபதேசியார் கேப்பாரு."

"சரி, சொல்றேன். நீ தூங்கு."

பாதி மலாயும் பாதி தமிழுமாக நடந்த அந்தப் பேச்சு, நான்கு மாதம் கழித்து ஜொகூர் ஆற்றில் படகேறியதிலிருந்து கத்தரினின் காதிலேயே இருந்தது. மடியில் மூன்று மாதக் குழந்தை அமலநாதன் தூங்கினான். துடுப்பு தண்ணீரில் விழும் ஒவ்வொரு முறையும், சொல்றேன், சொல்றேன் என்று தான் கொடுத்த வாக்கே திரும்பி வருவது போலிருந்தது.

அவள் சொல்லவில்லை.

மலாயாவில் பெருவெள்ளம் வடிந்த மறு வருஷம் அது. கோத்தா திங்கிக்கு மேலே அரைநாள் படகுத் தூரத்தில், காட்டில் பிரம்பும் கற்பூரமும் எடுத்துப் பிழைக்கும் ஜக்கூன் மக்களுக்கு வேதம் சொல்லும் உபதேசியாராக அவள் கணவன் கிரகோரி போயிருந்தான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை உதறிவிட்டு, சாமியார் கொடுத்த சிலுவையில் பாடுபட்ட சுரூபம் ஒன்றோடும் ஒரு கைமணியோடும் போனவன். எட்டு மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றது ஒரே ஒருத்தி. தலைவர் பந்தோங்கின் மகள், பதினேழு வயது லூசியா. அவளுக்கு ஞானத்தாயாக நின்றவள் கத்தரின்.

அங்கே முதல் கிறிஸ்தவக் குழியும் லூசியாவுடையதுதான்.

அடக்கத்தன்று பந்தோங், படிபோல் வெட்டுகள் போட்ட கைநீளக் கறுத்த கம்பு ஒன்றைக் கொண்டுவந்து மகளின் தலைமாட்டில் நட்டார். கிரகோரி ஜெபத்தை நிறுத்தி, அதைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தான். நிறைமாத வயிற்றைத் தாங்கி நின்ற கத்தரின் வாய் திறக்கவில்லை. அவனுடைய ஒரே ஆத்துமம் கடைசியில் ஏணி கேட்டது என்று எப்படிச் சொல்வது? அந்த வாரமே பிரசவத்துக்காக ஸ்கூடாயிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது துடுப்புப் போட்டு அவளைத் திரும்ப அழைத்து வந்தவரும் பந்தோங்தான். அவர் கழுத்தில், கத்தரின் கொடுத்த மாதா பதக்கமும் ஒரு புலிப்பல்லும் ஒரே கயிற்றில் தொங்கின. துறையில் படகை நிறுத்தியவர் கரையில் கால் வைக்கவில்லை.

"இறங்கலையா?" என்று மலாயில் கேட்டாள்.

"இது செத்த வீடு இருக்கிற கரை. நாங்க எல்லாரும் அக்கரைக்குப் போயிட்டோம்." அவர் மோவாயால் மேட்டைக் காட்டினார். "உன் வீட்டுக்காரர் அதுலதான் இருக்காரு."

லூசியா கண்மூடிய வீடு.

"நீங்க வேற ஒரு ஏணி செதுக்கி வைக்கக்கூடாதா?"

"அதுல அவ ஏற மாட்டா. அப்பன் ஒரு தடவைதான் கொடுக்கலாம். எடுத்தவரு கையாலதான் திரும்ப வைக்கணும்." படகைத் தள்ளிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சிலுவை இருந்துட்டுப் போகட்டும். நான் அதைக் கோவிச்சுக்கலை."

கிரகோரி சரிவில் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். "அடேயப்பா, உங்க அப்பா மூக்கு."

"மூக்கு உங்களுதுதான். வளரட்டும், தெரியும்."

நான்கு மாதப் பிரிவு அந்தச் சிரிப்பில் கரைந்தது. வீட்டை அவன் பெருமையாகக் காட்டினான். உயரக் கால்களின் மேல் நின்ற வீடு. மரப்பட்டைச் சுவர், மூங்கில் தரை, ஏறிப்போக ஏழு படி. முன்பக்கம் பீடம் அமைத்துக் கோவிலாக்கியிருந்தான். பின்பக்கம் அவர்களுக்கு.

"நல்ல வீடு, சும்மா கெடந்துச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை சாமியார் வந்து மந்திரிக்கப் போறாரு."

ஆறு மணிக்கு அவன் திரிகால ஜெபத்துக்குக் கைமணியை அடித்தான். முன்பு அவர்கள் இருந்த வீட்டுக்கு இந்த மணிக்குத் தவறாமல் படியேறி வருகிறவள் லூசியா மட்டும்தான். இப்போது அக்கரையிலிருந்து ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கிரகோரி கதவைச் சாத்தி, இரண்டு வளையங்களுக்குள் ஒரு தாழ்க்கட்டையைச் செருகினான்.

அப்போது வெளியே கீழ்ப்படி முனகியது.

ஒரே ஒரு படி. கனம் ஏறி நின்ற முனகல்.

கனம் இறங்கும் சத்தம் வரவில்லை.

"உடும்பு," என்றான் கிரகோரி.

மறுநாள் மணி அடித்து முடித்ததும் இரண்டு படிகள் முனகின. செவ்வாயன்று மூன்று.

"உடும்பு எண்ணிக்கிட்டா ஏறும்?" என்று கேட்டாள் கத்தரின். அவன் சிரிக்கவில்லை. ஈரமண் வாடையும், குழியருகே எரித்த பிசினின் புகை வாடையும் கதவிடுக்கு வழியே வந்து, சற்று நேரம் இருந்துவிட்டுப் போயின.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் படிகளைப் பார்த்தாள். நான்காவது படியில் மஞ்சள் களிமண் அப்பியிருந்தது. வீட்டைச் சுற்றி எல்லாம் ஆற்றுச் சேறு, கன்னங்கரேலென்று கிடக்கும். மஞ்சள் மண் ஓர் இடத்தில்தான் தோண்டி வந்தது. அதைத் தோண்டும்போது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அன்று மாலை மணியின் நாக்கில் துணியைச் சுற்றி வைத்தாள். கிரகோரி ஆட்டிப் பார்த்தான், சத்தமில்லை. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

மணியில்லாமலே வந்தது.

குழந்தை தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்து, தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் கைகால்களை உதைத்துக்கொண்டது.

வெள்ளியன்று ஆறாவது படி முனகியபோது, கிரகோரிக்கு அருள் நிறை மந்திரம் பாதியில் மறந்துபோனது. பிள்ளைப் பிராயத்திலிருந்து சொல்லி வந்த மந்திரம். வெகு நேரம் கழித்து முணுமுணுத்தான்:

"நான் தனியா இருந்த நாலு மாசமும் ஒண்ணுமே கேக்கலை, கத்தரின். நீ வந்த பிறகுதான்."

சனிக்கிழமை மத்தியானம், மறுநாள் வரப்போகும் சாமியாருக்காக அவள் கோவிலைத் துடைத்தாள். பீடம், சன்னல், கதவு. தாழ்க்கட்டையை உருவி ஈரத்துணியால் துடைத்தபோது விரலில் ஏதோ இடறியது. ஒரு வெட்டு. மூன்று விரல் தள்ளி இன்னொன்று. புகையேறிக் கறுத்திருந்ததால் இத்தனை நாள் கண்ணுக்குத் தப்பிய வெட்டுகள். சின்னப் பாதம் ஒன்று வைத்து ஏறுவதற்கு அளவாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு.

அவள் கையிலிருந்து துணி நழுவியது.

"இதையா கதவுக்குப் போட்டிருக்கீங்க?"

கிரகோரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வெறும் கட்டைதானே. எரிக்க மனசு வரலை. தூக்கிப் போட்டா அவங்க எடுத்துட்டுப் போய்த் திரும்ப நட்டுடுவாங்க. கதவுக்கு அளவா இருந்துச்சு, வச்சேன்."

"என்னங்க, லூசியா..."

"ஒரே ஒருத்தி, கத்தரின்." அவன் குரல் உடைந்தது. "எட்டு மாசத்துல ஒரே ஒருத்தி. முழு மனசோட வந்தவ. பழைய வழக்கம் ஒண்ணும் இல்லாம அடக்கம் பண்ணினோம்னு சாமியாருக்கு எழுதியிருக்கேன். நாளைக்கு அவருக்குக் காட்ட அவ குழி ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இல்லைன்னா நான் இங்க வந்ததுக்கு என்ன அர்த்தம்?"

கத்தரின் கட்டையை அவனிடம் நீட்டினாள். சொல்ல வந்ததைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். இவனை உடைப்பதா, செத்தவளை ஏமாற்றுவதா என்று வந்தபோது, மறுபடியும் செத்தவளைத்தான் ஏமாற்றினாள்.

நாலரை மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிரகோரி கதவைச் சாத்தி அதே கட்டையைச் செருகினான். விளக்கேற்றினார்கள். மணியை யாரும் தொடவில்லை.

ஆறு மணி.

ஒன்று.

இரண்டு.

மழைச் சத்தத்துக்கு நடுவிலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அவசரமில்லாத ஏற்றம். காய்ச்சல்காரி மூச்சு வாங்க நின்று நின்று ஏறுவதுபோல்.

ஐந்து. ஆறு.

ஏழு.

கதவுக்கு அந்தப் பக்கம் எட்டாவது படி கிடையாது.

விளக்குச் சுடர் தாழ்ந்தது. மண்வாடை அறையை நிரப்பியது. கிரகோரி சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

தாழ்க்கட்டை அசைந்தது.

யாரும் தொடாமல், வளையத்துக்குள் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. இன்னொரு விரற்கடை. முரட்டுத்தனமே இல்லை. தூங்குகிறவன் தலைக்கு அடியிலிருந்து தன் பொருளை உருவுகிற பதமான இழுப்பு.

கிரகோரி சுரூபத்தைப் பீடத்தில் வைத்துவிட்டுப் பாய்ந்து அதை இரு கைகளாலும் பிடித்தான். கட்டை அவனையும் சேர்த்து இழுத்தது. பாதங்கள் மூங்கில் தரையில் சறுக்கின.

"விடாதே," என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். "விடாதே, விடாதே."

"விடுங்க," என்றாள் கத்தரின்.

அவன் திரும்பிப் பார்த்தான். நெற்றியில் வேர்வை. இந்த முகத்தை உடைக்கக்கூடாது என்றுதான் நான்கு மாதம் காத்தாள். அது உடையாமல் இருப்பதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு எழுந்து, அவன் கைகளின்மேல் தன் ஒரு கையை வைத்தாள். கட்டை பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது.

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னால அவ என்கிட்ட கேட்டா. சிலுவையும் இருக்கட்டும், ஏணியும் இருக்கட்டும்னா. நான் அவ ஞானத்தாய். சரின்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரலை."

இழுப்பு நின்றது.

"அவ நம்ம சாமியை விட்டுட்டுப் போகலைங்க. சாமிகிட்ட போறதுக்குத்தான் கேட்டா. நீங்கதானே அவளுக்கு அந்தப் படத்தைக் காட்டினீங்க, றெக்கை வச்ச சம்மனசுங்க ஏணியில ஏறி இறங்குற படம். அதைப் பார்த்துட்டு எப்படிச் சிரிச்சா, ஞாபகம் இருக்கா?"

கிரகோரியின் தோள்கள் குலுங்கின.

"அவ ஏணியை அவளுக்குக் கொடுத்துடுங்க. உங்க கையாலேயே வச்சுடுங்க."

மழை சட்டென்று விட்டது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு சத்தமில்லை.

பிறகு வெளியே ஏழாவது படியிலிருந்து கனம் இறங்கியது.

ஆறு. ஐந்து. நான்கு. மூன்று.

இரண்டு.

இருவரும் கடைசிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். கிரகோரி மெதுவாகக் கட்டையை வளையங்களிலிருந்து உருவினான். கதவு தானாக ஒரு சாண் திறந்துகொண்டது.

ஏணியைக் கொண்டுவருகிறவனுக்காகக் காத்து நிற்பதுபோல், முதல் படியிலிருந்து மட்டும் யாரும் இறங்கவில்லை.