இஸ்திரிப்பெட்டி மீது விழுந்த பழி

தீபாவளிக்கு முந்திய வாரம், பெக்கான் நானாஸில் மலரின் தையற்கடையில் தீப்பிடித்தது. எரிந்தது கடை முழுவதும் அல்ல. இஸ்திரி மேசையும் அதையொட்டிய கண்ணாடி அலமாரியும்தான். ஆனால் அலமாரியில் தொங்கியவை ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைகள்.

காலை 7.30. பக்கத்துச் சாப்பாட்டுக்கடை சர்புதீன் புகையைக் கண்டு, கதவை உடைத்துத் தீயை அணைத்திருந்தார். தீயணைப்புத் துறை அதிகாரி சபீதா உள்ளே நுழைந்தபோது தீர்ப்பே சொல்லியாகிவிட்டது.

"இந்தப் புள்ள அயர்ன அணைக்காம போயிட்டா மேடம்," என்றார் மலர். "பாருங்க, சுவிட்ச் இன்னும் ஆன்லதான் இருக்கு."

இருந்தது. அருகே நின்ற லோஷினியின் முகத்தில் ரத்தமே இல்லை. நாலு வருடமாக இங்கே தைப்பவள். உலு திராமில் திறக்கப்போகும் கிளையை மலர் அவளிடம்தான் ஒப்படைப்பதாக இருந்தது. இப்போது கிளையும் கிடையாது, வேலையும் கிடையாது.

"நேத்து எப்பம்மா கிளம்பின?"

"ஆறு மணிக்கு மேடம். அதுவரைக்கும் அயர்ன் பண்ணிட்டுதான் இருந்தேன்."

"அணைச்சியா?"

"அணைச்சிருப்பேன்... சத்தியம் பண்ண முடியல மேடம்."

தினமும் செய்கிற காரியம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பூட்டிய வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காதவர்கள் அவள்மீது கல்லெறியட்டும்.

"அலமாக், பாவம்லா," என்றார் வாசலில் நின்ற சர்புதீன். "நேத்து நான் கடை மூடுறப்பகூட அலமாரியில லிப்லாப் லைட்டு என்னமா மின்னிச்சு!"

"அதுவா பாய்? அதுதான் ரெண்டு நாளா எரியலையே," என்றாள் லோஷினி.

மலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சபீதா போட்டுக்கொண்டார்.

இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைத் திருப்புளியால் திறந்தார். உள்ளே சிவப்பு பியூஸ், மூன்று ஆம்ப். மீட்டரை வைத்தார். செத்த பியூஸ். அடுத்து அலமாரியில் மின்னும் லிப்லாப் விளக்குச் சரத்தின் பிளக். அதில் பழுப்பு பியூஸ், பதின்மூன்று ஆம்ப்.

"கடைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டயும் தம்பிகிட்டயும்," என்றார் மலர்.

தம்பி சுகுமாறன் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"பியூஸ மாத்தினது நீங்கதானே?"

சுகுமாறனின் கை நின்றது.

"அயர்ன் நிறைய கரண்டு இழுக்கும், அதுக்குப் பதிமூணு வேணும்," என்றார் சபீதா. "மூணு போட்டா உடனே போயிரும். ஆனா அயர்ன் நேத்து ஆறு மணி வரைக்கும் ஓடியிருக்கு. அப்ப இந்தச் சிவப்பு லோஷினி போன பிறகுதான் உள்ள வந்திருக்கு. செத்த பியூஸோட சுவிட்ச் ஆன்ல இருந்தா என்ன, ஆஃப்ல இருந்தா என்ன? அயர்ன் சூடாகாது. தீ இதுலேருந்து வரல."

மேசைக்காலுக்கு அடியிலிருந்து விளக்கின் வயரை இழுத்தார். நசுங்கிய இடத்தில் செம்பு தெரிந்தது. சுற்றிலும் கருகல்.

"வயர் நசுங்கினதாலதான் சின்ன பியூஸ் போச்சு. ஆபத்துன்னு சொல்லிட்டுச் செத்திருக்கு. நீங்க அயர்ன்ல இருந்த பெரிச எடுத்து இதுல போட்டீங்க. வயர் எரிஞ்சுச்சு, பியூஸ் சும்மா இருந்துச்சு."

"பெரிசு போட்டா அடிக்கடி போகாதுன்னு நெனச்சேன் மேடம்," என்றார் சுகுமாறன் தரையைப் பார்த்து. "கல்யாண வீட்டுக்காரங்க இன்னிக்கு வர்றாங்க, அலமாரி மின்னட்டுமேன்னு..."

"அந்தப் புள்ளைய நான் திட்டுறப்ப வாயில என்ன வெச்சிருந்த?" என்று மலர் கத்தினார்.

லோஷினி கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணே, நீங்க வந்தப்ப அயர்ன் சூடா இருந்துச்சா?"

"இல்லம்மா. ஜில்லுன்னு இருந்துச்சு. சுவிட்சும் அணைச்சுதான் இருந்துச்சு. பழைய பியூஸ் அயர்ன்ல ஓடுமான்னு நான்தான் தட்டிப் பார்த்தேன். அப்படியே விட்டுட்டேன்."

லோஷினி முக்காலியில் உட்கார்ந்து விம்மி அழுதாள். அப்பாடா! அவள் கை அவளை ஏமாற்றவில்லை. வேலை போவதைவிட அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மலர் அவள் தோளைத் தொட்டார். "என்னை மன்னிச்சிரும்மா. அளவு ரவிக்கை என் வீட்டுல பத்திரமா இருக்கு. புதுப் பட்டு எடுத்து ரெண்டு பேரும் உக்காந்தா முடிச்சிரலாமா?"

"முடிச்சிரலாம்கா. உலு திராம்ல மட்டும் லிப்லாப் வேணாம்."

மலர் தம்பியிடம் திரும்பினார். "போய்ப் புது அயர்ன் வாங்கிட்டு வா!"

சுகுமாறன் வாசல்வரை போய் நின்றார். "அக்கா, பியூஸ்?"

"அது உள்ளயே இருக்கும். நீ தொறக்காத!"

முதலில் சிரித்தது லோஷினிதான்.