மழை பெய்தால் மட்டும் வாங்க

"ஐயோ, தொட்டுடாதீங்க!"

ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு வந்தவன், நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

லிப்ட் இயந்திர அறையின் கதவில் கைப்பிடியைக் காணோம். அது இருந்த இடத்தில் தலையணை அளவுக்குப் பழுப்பாக ஏதோ தொங்கியது. அது அசைந்தது... மெல்ல வீங்கி, மெல்லத் தணிந்தது.

"என்னங்க இது?"

"என்னோட தேனீங்க. பெட்டியில இடம் பத்தலைன்னு பாதிப் பேர் ராணியைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. பத்து நிமிஷம் குடுங்க, எடுத்துடறேன்," என்று அட்டைப்பெட்டி ஒன்றைக் கீழே வைத்தபடி சொன்னாள் ஒரு பெண்.

"பத்து நிமிஷமா? லிப்டுக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டுக் கத்துறாரு, கேக்குதா?"

கேட்டது. கீழே, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவிலிருந்து குடியிருப்புச் சங்கச் செயலாளரின் குரல் சுவரைப் பிளந்துகொண்டு வந்தது. மாடியில் இருக்கும் அவளுடைய இரண்டு தேன்பெட்டிகளையும் அகற்றச் சொல்லி மூன்று முறை கடிதம் எழுதியவர் அவர்.

"கீழ பூச்சி மருந்து டப்பா இருக்கு. ஒரே அடி... வேலை முடிஞ்சிடும்," என்று திரும்பினான் லிப்ட்காரன்.

அவள் பாய்ந்து வந்து கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தேனீக்கள். முகத்தில் வலைகூட இல்லை.

"அப்போ என் மேல அடிச்சிட்டு அப்புறம் அதுங்க மேல அடிங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க... லிப்டு ரிப்பேர் பண்ண வந்தவன் மேல கொலைக் கேஸ் போட வைக்காதீங்க. சரி, அஞ்சு நிமிஷம். ஓடுங்க!"

அவள் அட்டைப்பெட்டியைக் கொத்துக்கு அடியில் பிடித்து, வெறும் கையால், தூங்கும் குழந்தையை நகர்த்துவதுபோல் வழித்தாள். பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது கூட்டம். ராணி உள்ளே போய்விட்டாள் போலும்... மிச்சமிருந்தவை தாமாகவே பெட்டியை நோக்கி நடக்கத் தொடங்கின.

"கூட்டமா கிளம்புறப்ப வயிறு நிறையத் தேன் குடிச்சிட்டுத்தான் கிளம்பும். கோபமே வராது," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

"உங்களுக்கு வர்ற கோபத்துல பாதிகூட இல்ல போல!" என்று கதவைத் திறந்தான் அவன். அப்போது சட்டைக் காலருக்குள் என்னவோ ஊர்ந்தது. பட்டென்று அடித்தான். சுரீரென்றது. பொருட்படுத்தாமல் உள்ளே போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டைக் கீழே இறக்கி, கோளாறையும் சரிசெய்தான். செயலாளர் விடுதலையாகும் சத்தம் கேட்டது.

கையைத் துடைத்தபடி வெளியே வந்தவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. தினமும் முப்பது பேரின் கண்ணை அருகில் பார்த்து அளவெடுப்பவள். ஆனால் இப்படியொரு சிரிக்கும் கண்ணை... அவள் பார்வையை விலக்க நினைத்தாள். விலக்க முடியவில்லை. நல்லவேளை, விலக்கவில்லை. அந்த இமைகள் அவள் கண்முன்னாலேயே சிவந்து தடித்தன.

"உங்களைக் கொட்டிடுச்சா?"

"ஒண்ணே ஒண்ணு... சின்ன வயசுல ஒரு தடவை... கை வீங்குச்சு, அவ்ளோதான்..." உதடும் தடித்திருந்தது. கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவப்பு. "என்னமோ... தொண்டையை அடைக்குதுங்க..."

அவன் தோளைத் தாங்கி, அவன் சரிசெய்த லிப்டிலேயே இறங்கினாள். கீழே திட்டக் காத்திருந்த செயலாளர் அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மறுபேச்சில்லாமல் தன் காரை எடுத்தார்.

"பேசிக்கிட்டே இருங்க... ப்ளீஸ், ஏதாவது பேசுங்க..." என்று வழியெல்லாம் கெஞ்சினாள். அவன் பேசவில்லை. விசில்போல ஒரு மூச்சுதான் வந்தது. அந்த விசில் நின்றுவிடக் கூடாதே என்று தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி... கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது.

"இன்னும் பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா சொல்ல முடியாது. அடுத்த தடவை கொட்டினா இதைவிட மோசமாகலாம்," என்றார் டாக்டர். வாசலில் நின்றிருந்த அவன் அக்காவும் அதைக் கேட்டாள். தையல்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு, பாதி வேலையில் ஓடி வந்திருந்தாள்.

"நீதான் அந்தப் பூச்சி வளர்க்கிற பொண்ணா?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இதே மாதிரி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் வழியனுப்பினேன். எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன். அவன் இருக்கிற திசைக்கே நீ வராதம்மா... புண்ணியமாப் போகும்."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

* * *

பத்தே நாள். மொட்டை மாடிப் படியில் காலடிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவளுக்கு உயிரே போய்விட்டது. அவன்!

"அங்கேயே நில்லுங்க! ஒரு படிகூட ஏறக் கூடாது!"

"மாசா மாசம் சர்வீஸ் பண்ணணுமே, தேன்காரம்மா. லிப்டு மறுபடி நின்னா உங்க செயலாளர் என்னையும் கடிதம் எழுதியே கொன்னுடுவாரு."

"விளையாட்டா உங்களுக்கு? எனக்குப் பத்து நாளாத் தூக்கமில்ல... உங்க மூச்சுச் சத்தம்தான் காதுல கேக்குது..."

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. முகம் சூடானது. அவன் கீழ்ப்படியிலிருந்து அண்ணாந்து, சிரிக்காமல் அவளைப் பார்த்தான்.

"அப்போ எப்பத்தான் வரட்டும்?"

அவள் யோசித்தாள். "மழை பெய்தால் மட்டும் வாங்க. மழையில அதுங்க வெளிய வராது."

அந்த மாதம் வானத்துக்கு என்ன தோன்றியதோ... பெய்துகொண்டே இருந்தது. மேகம் கறுத்தால் போதும், லிப்டில் ஏதாவது கோளாறு இருக்குமென்ற சந்தேகம் அவனுக்கு வந்துவிடும். இயந்திர அறை வாசலில் அவன், மாடிப்படிக் கூரைக்குக் கீழே அவள், நடுவில் மழை. அதற்கு மேல் கிட்டே வர அவள் விடவில்லை. பெட்டிகளின் வாசலைப் பார்ப்பாள், அவன் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி பெட்டியைப் பார்ப்பாள்.

"அதுங்களுக்குச் சாப்பாடு யாரு போடுறது? சர்க்கரைத் தண்ணியா?"

"சேச்சே! அதுங்க தேனை அதுங்களுக்கு விட்டுட்டா எதுக்குச் சர்க்கரை? நான் ஓரத்துத் தேனடையில கொஞ்சந்தான் எடுப்பேன். நடு அடையில கையே வைக்க மாட்டேன். மருந்து கிடையாது, புகை கிடையாது. அடைகூட அதுங்களா கட்டினதுதான்."

"ஓஹோ... அவ்ளோ கருணை. எனக்கு மட்டும் தள்ளி நில்லு, கிட்ட வராதே!"

"உங்களுக்கு மூச்சு நின்னா திருப்பிக் கட்டிக்க முடியுமா? அடையா அது?"

அவன் சிரித்தான். தூறல் அவன் இமைகளில் முத்து முத்தாக நின்றது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தேனீ... வழி தவறி, நனைந்து, ஒரே ஒரு தேனீ போதுமே... இந்தச் சிரிப்பை நிறுத்த. ஆசையும் பயமும் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறி ஒன்றையொன்று நெருக்கின.

பிறகு மழை விட்டது. பூக்காலம் வந்தது. அவன் வரவில்லை.

சர்வீசுக்கு வேறொருவர் வந்தார். "அவரா? வேற பகுதி கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரும்மா," என்றார்.

கேட்டு வாங்கிக்கொண்டு...

'போகட்டும். உயிருக்குப் பயப்படுறது தப்பா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். 'ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே...' என்று உடனே கண் கலங்கினாள். கைபேசியில் எழுதுவாள். அழிப்பாள். கேட்டுப் போய் நிற்பதா? அவன் அக்காவிடம் தலையாட்டியவள் அல்லவா அவள்? கடையில் ஒருவருடைய கண்ணாடியில் வலது வில்லையை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் நகரத்துக்கு வெளியே பழத்தோட்டம் வைத்திருக்கும் தெரிந்தவரை அழைத்து, "ரெண்டு பெட்டியையும் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவன் வராவிட்டாலும் பரவாயில்லை. என்றாவது வந்தால்... இங்கே அவனுக்கு ஆபத்து இருக்கக் கூடாது.

* * *

கடைசியாக எடுத்த அடைகள் சமையலறை மேசையில் இருந்தன. கையால் பிசைந்து, மெல்லிய துணி கட்டிய பாத்திரத்தின் மேல் வைத்திருந்தாள். சூடு காட்டாத பச்சைத் தேன் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மெழுகுச் சக்கை தனியாக ஒரு தட்டில். அழைப்பு மணி அடித்தபோது இரண்டு கையிலும் முழங்கை வரை தேன்.

முழங்கையாலேயே கதவைத் திறந்தாள். அவன் அக்கா!

"அவருக்கு என்னாச்சு?" அதுதான் முதலில் வந்தது. வாங்க என்று சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

அக்கா உள்ளே வந்து மேசையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீயாவது சொல்லி அவனை நிறுத்தும்மா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்."

"எதை?"

"உனக்குத் தெரியாது? வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேனீ விஷத்தை ஊசியா ஏத்திக்கிறான். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா உடம்பு பழகிக்குமாம். நாலாவது ஊசிக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போய் மறுபடி மாத்து மருந்து போட்டாங்க. நான் பார்த்துட்டு நின்னேன்... என்னால முடியலம்மா. இன்னிக்கு ஒம்பதாவது. இப்ப அங்கதான் இருக்கான்."

விட்டுப் போகவில்லை அவன்... வருவதற்காகவே போயிருக்கிறான்!

"போகலாம், வாங்க," என்றாள். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை.

* * *

ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை. நாலு நாற்காலி, ஒரு கடிகாரம். இடக்கைச் சட்டையை மடித்துவிட்டு அவன் மட்டும் இருந்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"உக்காருங்க!" என்று அதட்டினாள். "எப்ப போட்டாங்க?"

"அஞ்சு நிமிஷம் ஆச்சு... நீ எப்படி..." பின்னால் அக்காவைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் உதட்டைப் பார்த்தாள். இமையைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். தடிப்பில்லை. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறதே...

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உடம்பு ஏத்துக்குமான்னு எனக்கே தெரியாது. உனக்கு ஆசை காட்டிட்டு... நாலாவது ஊசியில போயிருந்தா?"

"சொல்லாமப் போனா மட்டும் எனக்கு வலிக்காதா?" கண்ணீர் பொலபொலவென்று வந்தது. துடைக்கக் கையில் தேன். "நிறுத்திடுங்க. பெட்டி ரெண்டையும் குடுத்துடறதாச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க. எனக்காக விஷம் ஏத்திக்க வேணாம்."

"உன் ரெண்டு பெட்டி போயிட்டா ஊருல தேனீயே இருக்காதா?" என்றான் அவன் அமைதியாக. "எந்த மாடியில எது பறக்குதுன்னு யாருக்குத் தெரியும்? என் வேலையே மாடியிலதான்." அக்கா பக்கம் திரும்பினான். "ஊசி என் உயிருக்கு, அக்கா. நீ பயப்படுறியேன்னு விட்டா, நீ காலம் பூரா பயந்துக்கிட்டே இருக்கணும்."

அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு தன் முந்தானையால், பட்டும் படாமல், அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் அக்கா. முதன்முறையாகக் கேட்டாள்.

"நாலாவதுக்கு அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லேங்கிறாரு. இன்னும் சில மாசத்துல ஒண்ணு கொட்டினாலும் உடம்பு தாங்குமாம். அதுவரைக்கும் எச்சரிக்கையா இருக்கணும். அன்னிக்குத் தொடையில போட்ட மாதிரி மாத்து ஊசி எப்பவும் பையில இருக்கணும்." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நாளைக்கு வர்றவங்களை வர வேணாம்னு சொல்லு. என்னால நீ அதை விட்டேன்னா, அது தினமும் உன் முகத்துல தெரியும். என்னால பார்க்க முடியாது."

"அதெல்லாம் நீங்க எதுக்குத் தினமும்... என் முகத்தைப்..." பாதியில் நின்றுவிட்டாள்.

நர்ஸ் உள்ளே வந்தாள். "பதினஞ்சு நிமிஷம். அரிப்பு இருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

"மூச்சு முட்டுதா?"

"இல்ல."

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த நர்ஸின் புருவம் சுருங்கியது. "என்ன இவ்ளோ வேகமா ஓடுது? போன வாரம்கூட நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் துள்ளி எழுந்தாள். "டாக்டரைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!"

"வேணாம் சிஸ்டர்," என்றான் அவன். காது மடல் சிவந்திருந்தது. "இது ஊசியால இல்ல. போன வாரம் இவங்க எதிர்ல உக்காரல."

நர்ஸ் அவனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "காரணம் எதுவா இருந்தாலும் சரி. நாடி இறங்குற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்குத் திடீரென்று தண்ணீர் குடிக்கத் தோன்றியது, அவளும் போனாள்.



"ரெண்டு மாசமாச் சொல்லணும்னு..." என்று தொடங்கினான் அவன். "எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த மொட்டை மாடியில, மூச்சு நிக்கப் போற நேரத்துல, இந்தப் பொண்ணு பேரைக்கூடக் கேக்கலையேன்னுதான் தோணுச்சு..."

அவள் தலை குனிந்திருந்தது. ஒட்டிய விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் மெல்ல. "ஆனா பயமாவும் இருக்கு. உங்களைப் பார்க்குறப்பல்லாம் ரெண்டும் சேர்ந்தே வருது. பயமில்லாத பொண்ணா என்னால இருக்க முடியாது... பரவாயில்லையா?"

அவன் கையை நீட்டினான்.

"பிசுபிசுன்னு இருக்கும்," என்றாள் அவள்.

"இருக்கட்டும்," என்று பிடித்துக்கொண்டான்.