மிளகளவு ஓட்டை

“மீன்தொட்டிச் சத்தத்தை எப்படிம்மா நிறுத்தினே?” என்று அவர் ஒரு தடவை, தொட்டியைப் பராமரிக்க வந்த அவளைக் கேட்டார்.

அவள் சிரித்து மழுப்பினாள். யாருக்கும் கைவராதது தனக்குக் கைவந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. “பெரிய குழாய் டாக்டர்தான், மருந்து பேரை மட்டும் சொல்ல மாட்டேங்குறா” என்று மனைவியிடம் கிண்டலடித்துவிட்டு அவரும் போய்விட்டார். அன்றைக்கு வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால், தொட்டியைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்த அந்த மனிதர் பதறியடித்துக்கொண்டு அவள் வைத்த அடைப்பைப் பிடுங்கியிருப்பார். இன்றைக்கு உயிரோடும் இருந்திருப்பார்.

அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வீடு வீடாகப் போய்க் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையை அவள் அத்தோடு விட்டுவிட்டாள். இப்போது ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். ஈரம் பட்டால் அடுத்த நொடி ஆவியாகிவிடும் வேலை. அது போதும் என்று இருந்தாள்.

அந்தக் கடைக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டாள், அவள் அக்கா என்று கூப்பிடும் அவருடைய மனைவி. தொட்டி மறுபடி சத்தம் போடுகிறதாம். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்களாம், ஒருவருக்கும் பிடிபடவில்லையாம். அத்தை வீட்டோடு போய்விட்ட மகள் இன்று மாலை வருகிறாள், சத்தம் நின்றிருந்தால்தான் தங்குவேன் என்று சொல்லியிருக்கிறாள் என்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நீ கை வச்சாதான் நிக்கும் தங்கச்சி” என்றாள்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, பழைய கருவிப் பையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததுமே உப்பும் ஊறிய பலகையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று அவர் காலத்தில் மாட்டிய கனத்த திரைகள் அப்படியே தொங்கின. பட்டப்பகலில் கூடம் இருண்டு கிடந்தது. சுவரோரத் தொட்டியின் நீல விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அக்காவின் பற்களும் நகங்களும் தனியாக ஒளிர்ந்தன.

“மீனுக்கெல்லாம் பொறந்தநாள் குறிச்சு வச்சிருந்தாரு. என்னோடது ஒரு வருஷமாச்சும் ஞாபகம் இருந்துச்சா?” என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே முகம் கோணிவிட்டது.

அவள் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து மண்டியிட்டாள். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் வடிகுழாய் வழியாக அடித்தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து பம்ப் அதை இன்னொரு குழாயில் மறுபடி மேலே ஏற்றும். வடிகுழாய் களக் களக் என்றது. வால்வைக் கால் திருகு திருகினாள், அடங்கியது. பம்ப் பலகையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஃபோம் துண்டு வைத்தாள், அதுவும் அடங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ பல்லிடுக்கில் மெல்லக் காற்றை உள்ளே இழுப்பதுபோல். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தது.

வெளியே விடவே இல்லை.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. ஏற்றும் குழாயின் வாய்க்குச் சற்று மேலே, தண்ணீர் மட்டத்தை ஒட்டி மிளகளவு ஓட்டை ஒன்று உண்டு. கரண்ட் போய்ப் பம்ப் நின்றால், மேல்தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே திரும்பி ஓடப் பார்க்கும். மட்டம் ஒரு விரல் இறங்கியதும் அந்த ஓட்டை காற்றை இழுத்து ஓட்டத்தை அறுத்துவிடும். அதற்காகவே போட்ட ஓட்டை. மற்ற நேரங்களில் அது சும்மா சீறிக்கொண்டே இருக்கும். அந்தச் சீறலைத்தான் அவள் அன்று ஒரு துளி சிலிகான் பசையால் வாயடைத்தாள்.

நான்கு நாள் கழித்து மதியம் கரண்ட் போனது. தண்ணீர் நிற்காமல் இறங்கி அடித்தொட்டி நிரம்பித் தரையெல்லாம் ஓடியது. அவர் வெறுங்காலோடு துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. பிளக்குகள் செருகிய ஜங்ஷன் பாக்ஸ் அந்த ஈரத் தரையிலேயே கிடந்தது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மீன்களைக் காப்பாற்ற அவளைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே அவள் சிலிகானை நகத்தால் பெயர்த்தாள். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

உப்புக் கரித்தது.

“பெருக்கிட்டு அந்தப் பாக்ஸைக் கீழயே விட்டது நான்தான்” என்று அக்கா இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லியே மகளைக் கூட்டிக்கொண்டு போனாளாம். அம்மாவோட அலட்சியம்தான் அப்பாவைக் கொன்னுடுச்சு என்று மகளும் நம்புகிறாளாம். அதில் தப்பென்ன இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, அன்னைக்கு…” என்று அவள் வாயெடுத்தாள்.

சத்தம் நின்றது.

“அட, நின்னுடுச்சே” என்றாள் அக்கா, முகம் மலர்ந்து.

அந்த முகத்தைப் பார்த்ததும் தைரியம் எங்கோ ஒளிந்துகொண்டது. வால்வில்தான் கோளாறு என்று ஏதோ உளறினாள்.

மறுபடி இழுத்தது. இந்தத் தடவை இன்னும் ஆழமாக.

எழுந்து, மேல்தொட்டி நீருக்குள் கையை விட்டு ஓட்டையைத் தடவினாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டையிலிருந்து வெளியே பீறிட வேண்டும். விரல் நுனியை அது உள்ளே இழுத்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

உதடுபோல.

கையை உதறிக்கொண்டு திரும்பியபோது வாசலில் மகள் நின்றிருந்தாள். பதினைந்து வயதிருக்கும். தோளில் பை. ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டாள்.

“இன்னும் இருக்கும்மா.”

“கொஞ்சம் பொறு கண்ணு, இவங்க பாத்துட்டுத்தான் இருக்காங்க.”

மகள் படியின் பக்கம் திரும்பினாள். கூப்பிட நீட்டிய அம்மாவின் கை காற்றிலேயே நின்றது.

“அந்தப் பாக்ஸால இல்லை பாப்பா” என்றாள் அவள். தன் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது. “உங்கம்மா காரணமில்லை. ஓட்டையை அடைச்சது நான். அடைப்பை எடுத்து ஒளிச்சதும் நான்தான்.”

சத்தம் அறுந்தது.

மீன்கள்கூட அசையாத அமைதி. அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மகள் பையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். தோளைத் தொட்டாள். பிறகு தொட்டியிடம் போய்ப் பம்பின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. ஓட்டை ஒரே ஒரு முறை ஸ்ஸ் என்றது, ஓட்டம் நின்றது. எல்லா ஓட்டைகளும் போடுகிற சாதாரணச் சத்தம்.

“அப்பா சொல்லிக் கொடுத்திருக்காரு” என்றாள் மகள். அவளை நேராகப் பார்த்தாள். “வேற எத்தனை வீட்டுல இப்படி அடைச்சீங்க?”

அவள் குனிந்து கருவிகளைப் பைக்குள் போடத் தொடங்கினாள்.

இரண்டு வீடு. ஒன்றில் வயதான தம்பதி. இன்னொன்றில் அப்போதுதான் பிறந்திருந்த குழந்தை, இப்போது தவழ்ந்து முடித்து நடக்கப் பழகும். போய் எடுத்துவிட வேண்டும் என்று பதினான்கு மாதமாக நினைத்தாள். போனால் ஏன் என்று கேட்பார்களே என்று போகாமலே இருந்துவிட்டாள்.

நீல விளக்கு அணைந்தது.

மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது. தெருவில் யாரோ கரண்ட் போச்சு என்று கத்தினார்கள்.

கூடம் கும்மிருட்டாயிற்று. பம்பின் பிளக் இன்னும் மகளின் கையில்தான் இருந்தது. குழாயில் சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை.

இருந்தும் அது இழுக்கத் தொடங்கியது. நிறுத்தாமல், அவசரமாக, ஒன்றன் மேல் ஒன்றாக.

இந்தத் தடவை குழாயிலிருந்து இல்லை. அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து.

அக்கா இருட்டில் அவள் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டாள். அவள் கருவிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவைத் தடவித் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கி ஓடினாள்.