வழிவிட்டு நின்றவர்கள்

பேருந்து இறக்கிவிட்ட இடத்தில் பூட்டிய ஐஸ்கிரீம் கடை ஒன்றும், நனைந்த பெஞ்சு ஒன்றும், கடலும்தான் இருந்தன. அதைப் பார்த்ததும் சின்னுவுக்குத் திருப்தி. கூட்டம் வராத மாதமாகப் பார்த்து, லீவுக்குக் கெஞ்சிக் கூத்தாடி, அக்காவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அத்தான் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனுஷன் காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். சின்னு பல் மருத்துவமனையில் உதவியாளர். ஊசி போட்டு வாய் மரத்துப்போய்க் கிளம்புகிறவர்களிடம், "மரப்பு விடுற வரைக்கும் எதையும் மெல்லாதீங்க. சொந்தக் கன்னத்தையே கடிச்சுக்குவீங்க, வலியே தெரியாது" என்று தினமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அக்காவைப் பார்த்தால் இப்போதெல்லாம் அந்த வாசகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள். அதற்காகத்தான் இந்தப் பயணமே.

இது அத்தானும் அக்காவும் வருஷா வருஷம் நடந்த கடற்கரைப் பாதை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்கப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கூச்சலைக் கேட்டவருக்கு, விடுமுறையில் மனுஷ முகமே ஆகாது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்லோரும் கலங்கரை விளக்கத்தில் கிளம்பி இந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வருவார்கள். அவர் இங்கே கிளம்பி அங்கே போவார். "கூட வர்றவன் மூஞ்சிய நாள் முழுக்கப் பார்க்கணும். எதிர்ல வர்றவன ஒரு தடவை பார்த்தா போதும்" என்பார். அக்கா முன்னால், அவர் பின்னால். வழியில் பேச்சு கிடையாது.

"அதே மாதிரியே போவோம்க்கா. நீ முன்னாடி நட," என்றாள் சின்னு.

"சரி," என்றாள் அக்கா. எதைக் கேட்டாலும் அவளுக்குச் சரிதான்.

பாதை என்று பெயர்தான். ஒரு பக்கம் முள்புதர், மறுபக்கம் பாறைச் சரிவு, கீழே கடல். எதிரில் ஆள் வந்தால் ஒருவர் புதரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால்தான் இன்னொருவர் போக முடியும். காற்றில் அழுகிய பாசியின் நாற்றம். அலை கண்ணுக்குத் தெரியவில்லை, பாறைக்கு அடியில் எங்கேயோ முட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வயதான தம்பதி ஒன்று எதிர்ப்பட்டது. இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்கா கடந்தாள், சின்னு நன்றி சொல்லிவிட்டுக் கடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் தற்செயலாகத் திரும்பியவள், அவர்கள் இன்னும் நகராமல் நிற்பதைப் பார்த்தாள். அந்த அம்மாள் வெறும் பாதையைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்தாள். அப்புறம்தான் இருவரும் நடந்தார்கள்.

பாவம், வயசானவங்க, மூச்சு வாங்கியிருப்பாங்க என்று சின்னு நினைத்துக்கொண்டாள்.

அடுத்து முதுகில் பெரிய மூட்டைகளோடு இரண்டு இளைஞர்கள். அக்காவும் சின்னுவும் கடந்ததும் ஒருவன் நடக்கத் தொடங்கினான். மற்றவன் அவன் பையைப் பிடித்து இழுத்தான்.

"இருடா. இன்னொருத்தர் வர்றார்ல."

சின்னு வெடுக்கென்று திரும்பினாள்.

புல். பனிமூட்டம். வேறு யாருமில்லை.

ஆனால் வாடை இருந்தது. எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அத்தான் கையை விட்டுப் போகாத அந்த கிரீஸ் வாடை.

"அக்கா," குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஏதாவது வாடை வருதா உனக்கு?"

"வருதே. பஸ்ஸ விட்டு இறங்கினதுலேர்ந்தே வருது."

"என்னக்கா சொல்ற?"

"பின்னாடிதான வர்றாரு. வரட்டும்." மழை வரும்போல இருக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"நீ திரும்பிப் பார்த்தியா?"

"பார்த்து, போயிட்டார்னா?"

ஐயோ, இது என்ன கண்றாவி! ஆள் இல்லாத இடமாகத் தேடி வந்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று சின்னுவுக்குத் தோன்றியது. "போதும்க்கா, திரும்பிடலாம். அந்தப் பசங்க கூடவே போயிடலாம்," என்று அக்காவின் தோளைப் பிடித்துத் திருப்பி, தானும் திரும்பி நடந்தாள். நாலு பேர் போகும் திசையில் போனால் பயமில்லை என்று நினைத்தாள்.

திரும்பி நடந்த பிறகுதான் உறைத்தது. ஒற்றையடிப் பாதையில் திரும்பினால், பின்னால் வந்தவர் இப்போது முன்னால்.

வாடை முன்னாலிருந்து வந்தது.

"சின்னு, வழி விடு," என்றாள் அக்கா.

அந்தக் குரலில் உயிர் இருந்தது. அத்தான் போனதிலிருந்து இன்றுதான் அந்தக் குரலைக் கேட்கிறாள். அதைக் கேட்ட அதிர்ச்சியில் சின்னு ஒன்றும் யோசிக்கவில்லை. புதரில் முதுகை ஒட்டி நின்றாள்.

வழிவிட்டாள்.

அக்கா ஓட்டமும் நடையுமாகப் போனாள். "ஏங்க, மெதுவாப் போங்களேன்! நானும் வர்றேன்ல!" என்று யாரையோ செல்லமாக அதட்டியது கேட்டது. அடுத்து பனிமூட்டத்துக்குள்ளிருந்து அழுகை. வாய்விட்டு, வயிற்றிலிருந்து எழுந்த அழுகை. சின்னு இத்தனை மாதம் வேண்டிக்கிடந்த அதே அழுகை. ஒரு நொடி, கடவுளே, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வளைவுக்கு அப்பால் அழுகை நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். அந்த இளைஞர்கள் இருவரும் புதரோரம் ஒதுங்கி நின்றிருந்தார்கள்.

"எங்க அக்கா..."

"இப்பதான் போனாங்க. ரெண்டு பேருக்கும் வழி விட்டோம். சார் கையப் பிடிச்சுட்டுப் போனாங்க."

"எந்தப் பக்கம்?"

ஒருவன் பாதையைக் காட்டக் கையைத் தூக்கினான். அங்கே பனிமூட்டம் விலகியிருந்தது. பேருந்து நிறுத்தம்வரை பாதை ஒரே நேர்க்கோடு. அதில் ஈ காக்கை இல்லை. மற்றவன் மெல்லக் கடலைப் பார்த்தான்.

படகு வைத்துத் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

சின்னு அழவில்லை. வேலைக்குப் போனாள். சாப்பிட்டாள், படுத்தாள். ஒரு நாள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக விழுந்தது. கன்னத்தை எப்போது கடித்துக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுவருஷமும் கூட்டம் வராத மாதத்தில் அதே பெஞ்சு அருகே பேருந்திலிருந்து தனியாக இறங்கி, கலங்கரை விளக்கத்தை நோக்கி நடந்தாள். வழியில் மழைச்சட்டை போட்ட ஒரு பெண் எதிரே வந்து புதரோரம் ஒதுங்கினாள். சின்னு நன்றி சொல்லிக் கடந்தாள்.

"பரவாயில்லீங்க," என்றாள் அந்தப் பெண்.

சற்று விட்டு, சின்னுவின் முதுகுக்குப் பின்னால் அவள் மறுபடியும் சொன்னாள். "பரவாயில்லீங்க."

பிறகு இன்னொரு தடவை.

சின்னு நின்றாள். திரும்பவில்லை. பார்த்து, போய்விட்டார்களென்றால்?

நடந்தாள்.